ஃபீனிக்ஸ் வெயிலில் ஃபோம் கூரை: எப்போது கோட்டிங், எப்போது பிடுங்குவது

கேள்வி சுருக்கமாக இதுதான். அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய டெம்பியில் பழைய தட்டைக்கூரை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். கூரை சுமார் 1,500 சதுர அடி, மேலே ஃபோம், கடைசியாக எப்போது கோட்டிங் அடித்தார்கள் என்று விற்றவருக்கே தெரியவில்லை. வந்து பார்த்த ஒருவர் முழுவதையும் பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார், இன்னொருவர் கழுவி ஒரு கோட் சிலிக்கோன் அடித்தால் பத்து வருடம் கவலையில்லை என்கிறார், ஊரிலிருந்து மாமனார் சென்னையில் அடிப்பது போல வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

மூன்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஃபோம் கூரையில் கத்தி வைத்து ஒரு சிறு துண்டு வெட்டிப் பார்க்காமல் இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. வந்த இருவரில் யாரும் அப்படி வெட்டிப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. தரையில் நின்று, இல்லையென்றால் ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்த எஸ்டிமேட்டாக இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

முதலில் உங்கள் தலைக்கு மேல் இருப்பது என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். ஐசோசயனேட், பாலியால் என்ற இரண்டு திரவங்களைச் சூடாக்கி ஒரே துப்பாக்கியில் கலந்து அடிக்கிறார்கள். விழுந்த சில விநாடிகளில் அது பல மடங்கு உப்பி, கெட்டியாகி, கீழே இருக்கும் பலகையோடு ஒட்டிக்கொள்கிறது. மூட்டு கிடையாது, தையல் கிடையாது, ஆணி கிடையாது. கூரைக்கென்று அடிக்கும் ஃபோம் ஒரு கன அடிக்கு மூன்று பவுண்டுக்குப் பக்கத்தில் எடை இருக்கும், அதனால் ஒன்றரை அங்குல ஃபோம் சதுர அடிக்கு அரை பவுண்டு கூட வராது, பழைய மரச்சட்டத்துக்குப் பாரமே இல்லை. உள்ளே கோடிக்கணக்கான மூடிய அறைகள் இருப்பதால் தண்ணீர் எளிதில் பரவாது, வெப்பமும் எளிதில் இறங்காது. வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் குறிக்கும் ஆர்-மதிப்பில் அங்குலத்துக்கு ஆர்-6 அல்லது அதற்குச் சற்று மேல் என்று கணக்கு வைக்கலாம். 2024-இல் தொடர்ந்து 113 நாட்கள் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் பகல் வெயில் அடித்த ஊரில் இந்தக் கூரை ஏன் இத்தனை வீடுகளில் இருக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இந்த ஃபோமுக்கு ஒரே ஒரு பெரிய எதிரி, சூரியனின் புற ஊதாக் கதிர். வெறும் ஃபோம் மேல் வெயில் பட்டால் வெளிர் மஞ்சள் நிறம் ஆரஞ்சாகும், ஆரஞ்சு பழுப்பாகும், பிறகு விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். உதிர்ந்த மாவைக் காற்றும் மழையும் கொண்டு போகும், அடியில் இருக்கும் புதுப் பரப்பை மறுபடி வெயில் தின்னும். இதைத் தடுப்பதற்குத்தான் மேலே கோட்டிங். மாமனார் சொல்வதும் வந்து பார்த்த இருவர் சொல்வதும் வேறுபடும் இடம் இங்கேதான். சென்னையில் கான்கிரீட் தளத்துக்கு மேல் அடிக்கும் வெள்ளைப் பெயின்ட் வீட்டுக்குள் சூட்டைக் குறைக்கத்தான், அது உரிந்து போனாலும் தளம் அப்படியே இருக்கும். இங்கே கோட்டிங் போனால் கூரையே கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. அதேசமயம், கோட்டிங்கை விடாமல் பார்த்துக்கொண்டால் அடியில் இருக்கும் ஃபோமுக்கு வயதாவதே இல்லை என்று சொல்லலாம், 1970களில் அடித்த ஃபோம் இன்றும் வேலை செய்யும் கூரைகள் இருக்கின்றன. அதனால்தான் "பிடுங்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் காரணம் கேட்க வேண்டும் என்கிறேன்.

சரி, மேலே ஏறுங்கள். காலை வேளையில், மெத்தென்ற அடிப்பகுதி உள்ள செருப்பு அல்லது ஷூவோடு, ஷூவின் பள்ளத்தில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஏணியைச் சாய்க்கும் இடத்தில் ஃபோம் நசுங்காமல் ஒரு பழைய துணி வையுங்கள். முதலில் உள்ளங்கையால் கோட்டிங்கைத் தேயுங்கள். வெள்ளைப் பொடி கொஞ்சம் வந்தால் அது சாதாரணம், நிறைய வந்தால் கோட்டிங் தேய்ந்து வருகிறது. பிறகு நிறத்தைப் பாருங்கள்: எங்கெல்லாம் சாம்பல் நிற அடிக்கோட்டு (முதலில் அடித்த கோட்) தெரிகிறது, எங்கெல்லாம் ஆரஞ்சு அல்லது பழுப்பு தெரிகிறது. தெற்கு, மேற்குப் பக்கம் வெயில் நேராக விழும் சரிவுகளும், ஏசிக்குப் போகும் நடைவழியும், கைப்பிடிச்சுவரும் கூரையும் சேரும் மூலையும் மற்ற இடங்களுக்கு முன்பே தேயும். நடக்கும்போது காலுக்கடியில் மெதுமெதுவென்று அமுங்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள்.

நீர் தேங்குவதைப் பார்க்க மழைக்குக் காத்திருக்க வேண்டாம். ஃபீனிக்ஸில் வருடத்துக்கு ஏழு எட்டு அங்குல மழைதான், அதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் பருவமழையில் கொட்டித் தீர்க்கும். தோட்டத்துக் குழாயை மேலே கொண்டு போய் விட்டுப் பாருங்கள். 48 மணி நேரம் கழித்தும் வற்றாத குட்டையைத்தான் கூரைத் தொழிலில் தேக்கம் என்பார்கள். ஏற்கெனவே தேங்கிய இடங்களில் புழுதி வட்டம் வட்டமாகப் படிந்திருக்கும், அதுவே போதுமான சாட்சி.

அடுத்தது கத்தி. சந்தேகமான இரண்டு மூன்று இடங்களில், நன்றாக இருப்பதாகத் தோன்றும் ஓர் இடத்திலும், விரல் நீளத்துக்கு ஒரு ஆப்புபோல வெட்டி எடுங்கள். அதில் கோட்டிங் எவ்வளவு தடிமன், எத்தனை அடுக்கு, ஃபோம் எத்தனை அங்குலம், உள்ளே ஈரம் இருக்கிறதா என்று நான்கும் தெரியும். ஃபோமை விரலால் பிழிந்து பாருங்கள், சொட்டோ ஈரமோ இருந்தால் அந்த இடம் கெட்டுவிட்டது. வெட்டிய இடத்தை அன்றைக்கே பாலியூரித்தேன் சீலன்ட் வைத்து அடைத்துவிட வேண்டும், நாளைக்கு என்று விடக்கூடாது.

பார்த்ததை வைத்து முடிவு எடுப்பது கஷ்டமில்லை. ஃபோம் எங்கும் வெளியே தெரியாமல் கோட்டிங் மட்டும் மெலிந்திருந்தால் கழுவி, ஓட்டை உடைசல் சரிசெய்து, மறுகோட்டிங் போதும். அங்கங்கே ஆரஞ்சுத் திட்டு தெரிகிறது, உள்ளே காய்ந்திருக்கிறது என்றால் அந்தத் திட்டுகளில் உதிரும் மாவை நல்ல ஃபோம் தெரியும் வரை சுரண்டி எடுத்துவிட்டு கோட்டிங். பரவலாகப் பழுப்பேறி, குழிகுழியாகிவிட்டால் மேற்பரப்பை இயந்திரத்தால் சீவி எடுத்து, மேலே புதிதாகக் குறைந்தது அரை அங்குல ஃபோம் அடித்து, அதன்மேல் கோட்டிங். இதிலும் பழையதைப் பிடுங்குவதில்லை. ஃபோம் பல இடங்களில் நனைந்து ஊறியிருந்தாலோ, அடிப்பலகை இற்றிருந்தாலோ, ஃபோம் பலகையிலிருந்து விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தாலோதான் பிடுங்குவதில் அர்த்தம், அப்போதும் பெரும்பாலும் அந்தப் பகுதியை மட்டும்.

தேக்கம் இருந்தால் அதைத் திருத்த இதைவிட நல்ல கூரை கிடையாது. பள்ளத்தில் கூடுதலாக ஃபோம் அடித்து, தண்ணீர் ஓடும்படி வாட்டம் கொண்டுவந்துவிடலாம். ஆனால் ஃபோம் அடிப்பதை நீங்கள் செய்ய நினைக்காதீர்கள். அந்த ஐசோசயனேட் ஆவி நுரையீரலைக் கெடுக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். அடிக்கிறவர்கள் தனியாகக் காற்று வரும் முகமூடி போட்டுத்தான் நிற்பார்கள். அன்றைக்கு ஏசியை நிறுத்தி அதன் காற்று வழிகளை மூடி, குடும்பத்தோடு வெளியே போய்விடுங்கள். பக்கத்து வீட்டுக் காரில் ஃபோம் தூறல் விழுந்தால் எடுக்கவே முடியாது, அதனால் காற்றடிக்கும் நாளில் அடிக்க விடக்கூடாது.

கோட்டிங்குக்கு முந்தைய சில்லறை வேலைகளில்தான் கூரையின் ஆயுளே இருக்கிறது, எஸ்டிமேட்டில் ஒரே வரியில் முடிந்துவிடுவதும் இதுதான். கொப்புளம் எழும்பிய இடத்தைக் குத்தி அமுக்கிவிட்டு மேலே அடிக்கிறவர்கள் உண்டு, அது மறு கோடையில் திரும்ப எழும்பும். கத்தியால் முழுதாக அறுத்து எடுத்து, ஓரத்தைச் சரிவாகச் சீவி, ஓரிரு நாள் காயவிட்டு, சிறியதென்றால் சீலன்ட், பெரியதென்றால் கூரை ஃபோம் வைத்து நிரப்ப வேண்டும். ஜன்னல் இடுக்குக்கு விற்கும் டப்பா ஃபோம் இதற்கு ஆகாது, அடர்த்தி குறைவு, மிதித்தால் அமுங்கும். கறுப்புத் தார் பசை வேண்டவே வேண்டாம். முன்பிருந்தவர் எங்காவது தடவியிருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், அக்ரிலிக் கோட்டிங் அதன்மேல் சரியாக ஒட்டாது, எண்ணெய்க்கறை மேலேறி வரும்.

பறவைத் துளைகளைத் தேடிப் பாருங்கள். கிலா மரங்கொத்தி முதலான பறவைகள் இந்தப் பக்கத்தில் ஃபோமைக் கொத்தும். ஒவ்வொரு துளையும் சின்னதுதான், மூடிய அறைகள் இருப்பதால் உடனே வீட்டுக்குள் ஒழுகாது, ஆனால் அந்தத் துளை வழியாக வெயில் நேராக ஃபோமில் இறங்கும். சீலன்ட் வைத்து அடைத்தால் போதும்.

அப்புறம் ஏசி. இங்கே பல வீடுகளில் அது கூரைமேல்தான் உட்கார்ந்திருக்கும். மெக்கானிக் வந்துபோன பிறகு தகரத் துண்டு, கூர்மையான திருகு, கழற்றிய மூடி என்று ஏதாவது கிடக்கும், மிதித்தால் நேராக ஃபோமுக்குள் இறங்கும். ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். ஏசியின் தண்ணீர்க் குழாய் கூரையில் சொட்டிக்கொண்டிருந்தால் அதை வடிகால் வரை நீட்டிவிடுங்கள், கோடை முழுக்கச் சொட்டும் இடத்தில் அக்ரிலிக் ஊறி, மெத்தென்றாகி, உரிந்துவிடும். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் பழைய ஆவிக்கூலர் இருந்தாலும் இதே கதை, கூடவே உப்புப் பாளம் வேறு படியும்.

இன்னொன்று, பலர் கவனிக்காத இடம்: கைப்பிடிச்சுவரின் மேல்பக்கம். கூரை ஒழுகுகிறது என்று கூப்பிட்டுப் போய்ப் பார்த்தால் கூரையில் ஒன்றும் இருக்காது, சுவர் உச்சியில் ஸ்டக்கோ பூச்சு விரிசல் விட்டு, தண்ணீர் சுவருக்குள் இறங்கி, ஃபோமுக்குப் பின்னால் போய் சீலிங்கில் கறையாக நிற்கும். எத்தனை கோட் அடித்தாலும் அது நிற்காது. விரிசலை அடைத்து, சுவரின் உச்சிக்கும் கோட்டிங்கை இழுத்துவிட வேண்டும். தண்ணீர் வெளியேற சுவரில் விட்டிருக்கும் துவாரங்களையும் இப்போதே பாருங்கள், மெஸ்கிட், பாலோ வெர்டே மரங்களின் இலையும் நெற்றும் போய் அடைத்துக்கொள்ளும்.

கழுவும்போது பிரஷர் மெஷினை மிதமான அழுத்தத்தில், விசிறிபோல விரியும் முனையோடு, எட்டப் பிடித்து ஓட்டுங்கள். கிட்டே கொண்டுபோனால் ஃபோமையே அறுத்துவிடும். உதிரும் பொடியும் புழுதியும் முழுதாகப் போய், உள்ளங்கையில் ஒன்றும் ஒட்டாத வரை கழுவ வேண்டும். புழுதிப்புயல் அடிக்கும் ஊர் இது, கழுவி ஒரு வாரம் விட்டுவிட்டால் மறுபடி கழுவ வேண்டிவரும், ஆனால் ஒரு நாளாவது, ஓட்டை உடைசல் நிறைய இருந்தால் இரண்டு நாளாவது காய வேண்டும். காலையில் கழுவி மாலையில் அடிக்கிறேன் என்கிறவரை அனுப்பிவிடுங்கள்.

இப்போது அக்ரிலிக்கா சிலிக்கோனா. அக்ரிலிக் தண்ணீரில் கலந்த பொருள், விலை குறைவு, ரோலரில் நாமே அடிக்கலாம், அழுக்கு அவ்வளவாகப் பிடிக்காது, பிறகு எதை வேண்டுமானாலும் மேலே அடிக்கலாம். ஆனால் தேங்கும் நீரைத் தாங்காது, இந்த வெயிலில் ஐந்திலிருந்து ஏழு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சிலிக்கோன் வெயிலுக்கும் தேங்கும் நீருக்கும் அசையாது, சரியான தடிமனில் அடித்தால் பத்து, பதினைந்து வருடம் கூட வரும். குறை என்னவென்றால் புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் வெண்மை சீக்கிரம் மங்கும், ஈரத்தில் பயங்கரமாக வழுக்கும், அதன்மேல் சிலிக்கோனைத் தவிர வேறு எதுவும் ஒட்டாது. ஒருமுறை சிலிக்கோனுக்குப் போய்விட்டால் அந்த வீட்டுக்கு இனி எப்போதும் சிலிக்கோன்தான்.

ஆகவே உங்கள் கூரையில் இப்போது இருப்பது எது என்று தெரியாமல் டப்பா வாங்காதீர்கள். கழுவிய ஒரு சிறு இடத்தில் அடிக்க நினைக்கும் கோட்டிங்கைத் தடவி, அதில் ஒரு துணிப் பட்டையைப் பதித்து, மேலே இன்னொரு பூச்சு கொடுத்து, ஒரு வாரம் விட்டுப் பட்டையை இழுத்துப் பாருங்கள். சுலபமாக உரிந்து வந்தால் அந்தக் கூட்டு சரிவராது. பிடிவாதமாக இழுத்துப் பிடித்தால் தைரியமாக அடிக்கலாம். நன்றாக வாட்டம் உள்ள கூரை, ஏற்கெனவே அக்ரிலிக் இருக்கிறது என்றால் நான் அக்ரிலிக்கையே சொல்வேன். திருத்த முடியாத தேக்கம் இருந்தால் மட்டும் சிலிக்கோன்.

எந்தப் பொருள் என்பதைவிட முக்கியமானது எவ்வளவு என்பது. "இரண்டு கோட்" என்று எழுதிக் கொடுப்பதில் ஒன்றும் இல்லை, தண்ணீராக இழுத்தாலும் இரண்டு கோட்தான். காய்ந்த பிறகு எத்தனை மில் என்று கேளுங்கள். மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கிரெடிட் கார்டின் தடிமன் 30 மில். ஒரு அமெரிக்க கேலனை நூறு சதுர அடியில் பரப்பினால் ஈரமாக இருக்கும்போது 16 மில் வரும். அக்ரிலிக்கில் கன அளவில் பாதிக்குச் சற்று மேல்தான் திடப்பொருள், மீதி ஆவியாகிவிடும், ஆக காய்ந்த பிறகு எட்டு ஒன்பது மில்தான் நிற்கும். ஃபோமுக்கு மேல் 24 மில்லுக்குப் பக்கம் வேண்டுமென்றால் நூறு சதுர அடிக்கு மூன்று கேலன் போக வேண்டும். உங்கள் 1,500 சதுர அடிக்கு 45 கேலன், அதாவது ஐந்து கேலன் வாளி ஒன்பது, சுவர்களுக்குத் தனி. நான்கு வாளியோடு ஒருவர் வந்து இறங்கினால் மீதி எங்கே என்று கேட்கலாம். சிலிக்கோனில் பெரும்பாலானவற்றில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் திடப்பொருள், அதனால் நூறு சதுர அடிக்கு ஒன்றரை கேலனிலேயே 22 மில் வந்துவிடும். உங்களிடம் வந்தவர் சொன்ன "ஒரு கோட் சிலிக்கோன்" இந்த அளவில் இருந்தால் தவறில்லை, அதில் பாதி என்றால் பத்து வருடம் என்ற பேச்சே இல்லை. இதெல்லாம் வழுவழுப்பான பரப்புக்குச் சொல்லும் கணக்கு. ஃபோம் கரடுமுரடாக இருந்தால் மேடுகளில் மெலிந்து பள்ளங்களில் தேங்கும், ஆகவே கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்ரிலிக்கை மெலிதாக இரண்டு மூன்று முறை அடிப்பதே நல்லது, ஒரே கெட்டியாக ஊற்றினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். ஒரு கோட் வடக்கு தெற்காக என்றால் அடுத்தது கிழக்கு மேற்காக. அடிக்கோட்டு சாம்பல், மேல்கோட்டு வெள்ளை என்று வைத்துக்கொண்டால் அடிக்கும்போதே விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரியும், சில வருடம் கழித்து சாம்பல் எட்டிப் பார்க்கும்போது அடுத்த கோட்டிங்குக்கு நேரம் வந்துவிட்டது என்றும் தெரியும். ஃபோம் தெரியும் வரை காத்திருக்கத் தேவை இருக்காது. கடைசிக் கோட்டு ஈரமாக இருக்கும்போதே ஏசிக்குப் போகும் வழியிலாவது பீங்கான் குருணையைத் தூவச் சொல்லுங்கள், நடக்கப் பிடிப்பு கிடைக்கும், பறவைக்கும் ஆலங்கட்டிக்கும் கொஞ்சம் தாங்கும். 2010 அக்டோபர் 5-ஆம் தேதி ஃபீனிக்ஸில் பெய்த ஆலங்கட்டியைப் பார்த்தவர்கள் இந்தச் செலவை யோசிக்க மாட்டார்கள்.

எந்த மாதம்? ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே பருவமழைக் காலம் என்று தேசிய வானிலைச் சேவை கணக்கு வைத்திருக்கிறது. ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் முடித்துவிட்டால் மழைக்கு முன் நன்றாக இறுகிவிடும். தவறினால் அக்டோபர், நவம்பர். ஜூலை மதியத்தில் கூரையின் மேற்பரப்பு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், அதில் அக்ரிலிக் விழுந்ததும் மேலே ஆடை கட்டி, அடியில் ஆவி முட்டி, ஊசித் துளையும் கொப்புளமுமாக வரும். அடிக்கிறவருக்கும் அது உயிராபத்து. டிசம்பரில் அடித்தால் வேறு பிரச்சினை, பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அக்ரிலிக் படலமாகச் சேராது, பனி விழுந்தால் காயாத கோட்டிங் கழுவிக்கொண்டு போய்விடும். குளிர்காலத்தில் அடித்தே ஆக வேண்டுமென்றால் பனி முழுக்கக் காய்ந்த பிறகு தொடங்கி, மதியத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

ஆள் வைத்துச் செய்வதாக இருந்தால் அரிசோனா ஒப்பந்தக்காரர் பதிவகத்தின் தளத்தில் அவர்களுடைய லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள், வீட்டுக் கூரைக்கு ஆர்-42 அல்லது சிஆர்-42 வகை இருக்க வேண்டும், பழைய புகார்களும் அங்கேயே தெரியும். எழுத்தில் வாங்க வேண்டியவை: என்ன பொருள், நூறு சதுர அடிக்கு எத்தனை கேலன், காய்ந்த தடிமன் எத்தனை மில், கொப்புளமும் ஓட்டையும் எப்படிச் சரிசெய்வார்கள், சுவர் உச்சி சேர்த்தியா இல்லையா. உத்தரவாதத் தாளில் தேங்கும் நீரையும் பறவைச் சேதத்தையும் விலக்கியிருப்பார்கள், வருடாந்திரப் பரிசோதனை செய்யாவிட்டால் செல்லாது என்றும் போட்டிருப்பார்கள். கையெழுத்துக்கு முன் அதைப் படியுங்கள்.

அதற்குப் பிறகு பெரிய பராமரிப்பு ஒன்றும் இல்லை. மழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை ஏறி, இலையை வாரி, துவாரங்களைச் சுத்தம் செய்து, துளை தெரிந்தால் சீலன்ட் வைத்துவிட்டு இறங்குங்கள். பெரிய காற்றும் ஆலங்கட்டியும் அடித்தால் கூடுதலாக ஒருமுறை.

இப்போது பிப்ரவரிதான், அவசரம் இல்லை. இந்த வார இறுதியில் மூன்று இடத்தில் வெட்டி, துண்டுகளைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், குழாய் விட்டுப் பார்த்ததில் எங்கெல்லாம் தண்ணீர் நின்றது என்றும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எத்தனை வாளி வேண்டும், எதை ஆளிடம் விடலாம், எதை நீங்களே செய்யலாம் என்று சொல்கிறேன்.